விளையாட்டுப் பக்கத்தில் நான் மாற்றிய சொல்

ஓம், இன்னும் பார்க்கிறேன். ஆட்டத்தை அல்ல. தோற்ற அணி அடுத்த நாள் வெளியிடும் காயப் பட்டியலை மட்டும்.

நேற்று மல்வேர்னில் இடியப்பம் வாங்க நின்றேன். கடையில் ரீவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் ஹொக்கிப் பயிற்சியாளர் ஒருவர், கேள்வி முடியுமுன்பே, முகத்தில் ஒன்றும் காட்டாமல், மேலுடம்பில் காயம், ஆடுவாரா என்று நாளுக்கு நாள் பார்ப்போம் என்பதை ஆங்கிலத்தில் சொன்னார்: "அப்பர் பொடி இஞ்சரி. டே டு டே."

எனக்குப் பின்னால் நின்றவர் மனைவியிடம் கேட்டார்: "மேலுடம்பு எண்டா எங்க? இடுப்புக்கு மேல முழுக்கவோ?"

"உங்களுக்கு எங்க நோகுதெண்டு நீங்களே வீட்டில சொல்லுறேல்லை. அவன் ரீவியில சொல்லப்போறானே?"

நீ சிரித்திருப்பாய். உன் பக்கம் திரும்பினேன். நீ வழக்கமாக நிற்கும் இடது பக்கம். அங்கே குளிர்பானப் பெட்டி இருந்தது.

பார்சலை மடியில் வைத்துக்கொண்டு தரிப்பிடத்தில் இருந்தேன். இரண்டு பஸ் போயின. நீ போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும்.

*

அந்தச் சொல்லை எனக்கு விளக்கியவள் நீ. பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளம். நான் மொழியியல், நீ புள்ளிவிபரவியல். உன் பாடப்புத்தகத்துக்குள் எப்போதும் ஹொக்கி அட்டவணை ஒன்று மடிந்திருக்கும்.

"பிளேஓஃப் நேரம், தோத்தா வெளிய போற ஆட்டங்களில, ஒருத்தரும் உண்மை சொல்லமாட்டினம். முழங்கால் கிழிஞ்சாலும் லோவர் பொடி, கணுக்கால் உடைஞ்சாலும் லோவர் பொடி. ஏன் சொல்லு?"

"வெட்கமோ?"

"விசரி. எங்க நோகுதெண்டு சொன்னா மற்றவன் அங்கதான் அடிப்பான்."

அது பொய்தானே என்றேன். பொய் இல்லை, பிற்போடுவது என்றாய். அணி வெளியேறிய அடுத்த நாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். உடைந்த பாதத்தோடு ஆறு ஆட்டம் ஆடியவன். தோள் கழன்று, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் ஊசி போட்டுக்கொண்டு பனியில் இறங்கியவன். நீ அந்தப் பட்டியலை ஒரு பெயர் விடாமல் வாசிப்பாய். வென்றவர்களைப் பற்றி உனக்கு அவ்வளவு அக்கறை இருக்கவில்லை.

பதினொரு வயதில் அம்மாவோடு இங்கே வந்தவள் நீ. உன் அண்ணா வன்னியில். இயக்கத்துக்கு விரும்பிப் போனவரா, பிடித்துக்கொண்டு போகப்பட்டவரா என்று நான் கேட்கவில்லை. "அங்க நிக்கிறார்" என்பாய். பஸ்ஸுக்கு நிற்பவரைச் சொல்வதுபோல.

*

போர் முடிந்த அந்த வசந்தத்தில் நாங்கள் இருவரும் ஓர் இலவச வாரப் பத்திரிகைக்கு வேலை செய்தோம். ஸ்காபரோவில், ஓர் அச்சகத்தின் பின்னறை. நான் பிழை திருத்தினேன். உன் ஹொக்கிப் பத்திக்கு ஆசிரியரோடு நீ சண்டை பிடித்துத்தான் இடம் வாங்கினாய்.

"எங்கட சனம் ஹொக்கி வாசிக்குமோ பிள்ளை?"

"கிரிக்கெட் மட்டும் வாசிக்கிற சனம் ஏன் அங்கிள் ஸ்னோவுக்க வந்தது?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் அவர் தோற்றுப்போவார் என்பது உனக்குத் தெரியும். பதினான்காம் பக்கம் கிடைத்தது. அதற்கு எதிர்ப்பக்கம் மரண அறிவித்தல்கள். அந்த வருடம் அவை ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை.

ஏப்ரல் நடுப்பகுதி. எங்கள் ஊர் அணி வழக்கம்போல பிளேஓஃபுக்குள் இல்லை. உன் பத்தி வேறொன்றைக் கேட்டது: யார் யாரோடு மோத வேண்டும் என்று வரிசைப்படுத்துகிற முறை நியாயமா? மூன்று பிரிவுகளிலும் முதலாவதாக வந்தவர்களுக்கே மேல் மூன்று இடங்கள். ஆகவே மூன்றாம் இடத்தில் இருப்பவனைவிட நாலாம் இடத்தில் இருப்பவனிடம் புள்ளி கூடுதலாக இருக்கலாம். "அவன் குறைவாக விளையாடவில்லை. யாரோ வரைபடத்தில் கீறிய ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தான்" என்று எழுதியிருந்தாய். எட்டாவதாக வந்தவன் முதலாமவனைச் சந்திக்க வேண்டும். ஏற்கனவே களைத்தவன், ஏற்கனவே காயப்பட்டவன். பலமானவனுக்குப் பரிசு, பலவீனமானவன்.

தலைப்பு: இந்தத் தரவரிசை நியாயமா?

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அது என் மேசைக்கு வந்தது. தரவரிசை என்ற சொல் என்னை உறுத்தியது. புள்ளிகளின் வரிசை வேறு, மோதலுக்கான வரிசை வேறு. உன் வாதமே அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லா? மோதல் வரிசைக்கான ஆங்கிலச் சொல்லை அப்படியே 'சீட்' என்று போட்டால் எங்கள் ஆட்கள் கதிரை என்று வாசிப்பார்கள். அகராதியை எடுத்தேன்.

விதை. விதைத்தல். விதைப்பு.

உனக்கு ஒரு தடவை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. பக்கத்தை ஏழு மணிக்கு அனுப்ப வேண்டும். தலைப்பிலும் பத்தியிலும் மொத்தம் ஒன்பது இடத்தில் மாற்றினேன். முதலாம் விதை. எட்டாம் விதை. இந்த விதைப்பு நியாயமா?

திருப்தியாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

எனக்குத் தெரியாத சொல் என்று சொல்ல முடியாது. போரில் விழுந்தவர்களைப் புதைத்தார்கள் என்று எங்கள் பத்திரிகை எழுதுவதில்லை, விதைத்தார்கள் என்றே எழுதும். ஒவ்வொரு நவம்பரும் அவர்களின் நினைவுநாளில் மண்டபத்தில் மெழுகுதிரியோடு நின்று கேட்ட சொல். முதல் பக்கத்தில் வந்தால் அப்படித்தான் வாசித்திருப்பேன். பதினான்காம் பக்கத்தில் எனக்கு அது வெறும் விதையாகத் தெரிந்தது.

நீ ஏன் எடுக்கவில்லை என்பது வியாழக்கிழமைதான் தெரிந்தது. செவ்வாய் பின்னேரம், நான் அழைத்த அதே நேரம், உங்கள் வீட்டு மற்றத் தொலைபேசியில் வவுனியாவிலிருந்து ஒருவர். அவர் உன் அம்மாவிடம், எனக்கு அன்ரி, சொன்னது ஒரு வசனம்: "முந்தநாள் உங்கட மகனை விதைச்சிட்டினம் அம்மா."

தகவல் தெரிந்ததும் ஓடிப்போய்ப் பத்திரிகையை நிறுத்தினேன் என்று எழுத ஆசை. அது அச்சாகிக் கட்டுக்கட்டாக விநியோக வண்டியில் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை எல்லாப் பலசரக்குக் கடை வாசலிலும் கிடந்தது. உன் பெயரோடு.

*

ஞாயிறு. டோர்செட் பார்க், பதினோராம் மாடி, உங்கள் வீடு. ஆசிரியரோடு வந்தேன். மேசையில் அண்ணாவின் படம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, பதினாறு வயது. அதற்குப் பிறகு எடுத்த படம் உங்களிடம் இருக்கவில்லை. அன்ரியின் கையில் செபமாலை. மடியில் பத்திரிகை, பதினான்காம் பக்கம் வெளியே தெரிய மடித்தபடி.

அன்ரி அழவில்லை. ஆசிரியரைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, அவனை மண்ணில வைச்ச கிழமை, இவள் எழுதியிருக்கிறாள். விதைப்பு நியாயமோவாம். முதலாம் விதையாம், எட்டாம் விதையாம். நீங்கள் ஒருத்தரும் பாக்கேல்லையோ?"

ஆசிரியர் நிலத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது, அச்சுக்குப் போகுமுன் அவர் வாசித்தது முதல் பக்கம் மட்டும்தான்.

அன்ரி உன் பக்கம் திரும்பினார். "இது உனக்கு விளையாட்டோ?"

அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். என் கையில் தேத்தண்ணி. வாயைத் திறந்தேன். அது எனக்கு நிச்சயமாக ஞாபகம். திறந்தேன்.

நீ எனக்கு முந்திவிட்டாய். "நான்தான் அம்மா எழுதினனான். வேற சொல்லு வரேல்லை."

குசினிக்குள் உன் கையைப் பிடித்தேன். "ஏனடி?"

"இப்ப நீ சொன்னா என்ன நடக்கும்? அவவுக்கு ஏச ரெண்டு பேர். அண்ணா திரும்பி வருவாரே?"

"நான் சொல்லத்தான் வேணும்."

"சொல்லு. இப்ப வேண்டாம். சீசன் முடியட்டும்."

கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாய். நான் துடைத்தேன். உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு ஆறுதலாக இருந்தது.

*

மே மாதம், போரை நிறுத்தக் கேட்டு, யுனிவர்சிட்டி அவெனியூவில் நின்றோம். எத்தனை நாள் என்று நினைவில்லை. குழந்தைகள், தள்ளுவண்டிகள், படங்கள். வீதி மறிபட்டதால் ஒருவன் கார்க் கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்துக் கத்தினான். அவன் காரில் ஏதோ ஓர் அணியின் கொடி. அவனுக்கு ஆட்டம் தொடங்கப்போகிறது.

"எட்டாம் இடமாவது தந்தா ஒருக்கா மோதிப் பாக்கலாம்" என்றாய். "எங்களை எங்கையடி அட்டவணையில போட்டவங்கள்?"

பக்கத்தில் நின்ற வயதான பெண் ஒருவர் உன்னை முறைத்தார். நீ பதாகையை உயர்த்திப் பிடித்தாய்.

பிறகு எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்தது. அதன் பின் இறந்தவர்கள், காணாமல்போனவர்கள் பட்டியல்கள் வந்தன. ஒரு நாளில் அல்ல. மாதக்கணக்கில், பெயர் பெயராக. உறவினர்கள் அவற்றை வாசித்தார்கள். நீ வாசிக்கவில்லை. ஹொக்கிப் பட்டியலையும் அந்த வருடம் வாசிக்கவில்லை. பத்தியை நிறுத்திவிட்டாய். ஆசிரியர் இரண்டு தரம் அழைத்தார். அப்பர் பொடி என்று அவரிடம் சொல்லும்படி என்னிடம் சொன்னாய். அவருக்கு விளங்கவில்லை, சளிக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் கோடையில் "வீட்டில எப்படி?" என்று கேட்டால் உன் பதில் ஒன்றுதான். "டே டு டே." நான் மேலே கேட்கவில்லை. கேட்டால் அன்ரியிடம் நான் உண்மையைச் சொல்ல வேண்டிவரும்.

பரீட்சை முடித்தாய். வங்கியில் வேலை எடுத்தாய். மூன்று வருடம் கழித்து ஒரு மத்தியானம் உன்னிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: லோவர் பொடி. கால் சுளுக்கு என்று நினைத்துச் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினேன். இரண்டு கிழமைக்குப் பிறகு சொன்னாய். சூலகத்தில் புற்றுநோய். பரவிவிட்டது.

அந்தச் சிரிக்கும் முகம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது.

*

மருத்துவமனை நடைபாதையில் அன்ரி ஒருநாள் என்னிடம் சொன்னார். கோபமாக அல்ல; நம்பிக்கையாக.

"தமையன் செத்த கிழமை விளையாட்டு எழுதின பிள்ளை. அவளுக்குக் கல்லு மனம். இதையும் தாங்குவாள்."

அப்போதும் நான் சொல்லவில்லை. உள்ளே வந்து உன்னிடம் கேட்டேன்: "அம்மாட்டச் சொல்லட்டே?"

என்ன என்று நீ கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாய். உன் உதடு வெடித்திருந்தது.

"இப்ப சொன்னா அவ என்ர காலைப் பிடிச்சு அழுவா. எனக்கு அதுக்குச் சக்தி இல்லையடி. பிறகு."

பிறகு என்றால் எது என்று இருவருக்கும் தெரியும். பதினாறு நாளில் நீ போய்விட்டாய்.

உன் சவ அடக்கத்தில் அன்ரி யாருக்கோ அதையே சொல்லக் கேட்டேன். கெட்டிக்காரி, உறுதியான பிள்ளை, தமையனுக்கே அழாதவள். நீ அழுததை நான் பார்த்திருக்கிறேன். நூலகத்தின் கீழ்த்தளத்தில், அட்டவணையால் முகத்தை மூடிக்கொண்டு. அதையும் அன்ரிக்குச் சொல்லவில்லை. ஒரு வருடமும் இரண்டு மாதமும் சொல்லவில்லை. இந்த முறை பிற்போடச் சொல்ல நீ இல்லை. வெறும் பயம்.

நான் இப்போது மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். நோயாளிகளுக்கான படிவங்கள், சம்மதக் கடிதங்கள். எழுதியவரைக் கேட்காமல் ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை. எடுக்கும்வரை அழைக்கிறேன். அலுவலகத்தில் என்னைத் தொல்லை என்கிறார்கள். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தொல்லைதான். அது எனக்கு மட்டும் உதவுகிறது. உனக்கு இல்லை, அன்ரிக்கு இல்லை.

*

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று மூன்று மணிக்கு டோர்செட் பார்க் போனேன். அன்ரி கதவைத் திறந்தார். இரு என்று சொல்லுமுன்பே, நின்றபடி, எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, அகராதி, ஒன்பது இடம், குசினி, நூலகம்.

"அப்ப அவள் எழுதேல்லையோ?"

"இல்லை அன்ரி. நான்."

அன்ரி கதவுப் பிடியை விடாமல் நின்றார். "அந்தக் கோடை முழுக்க நான் அவளோட கதைக்கேல்லை பிள்ளை" என்றார். "ஒரே வீட்டுக்க. சோத்தைப் போட்டு மேசையில வைச்சிட்டுப் போயிடுவன்."

பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரவேற்பறையில் இருந்தேன். ஆறு மணியாகியும் அவர் எழும்பிவரவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன்.