பில்டரில் இறங்காத டிகாஷன்

ஐப்பசி, வியாழக்கிழமை. இரவு.

மழையால் இன்று பட்டாசுக் கம்பெனிக்கு லீவு. என்னோடு வேலை பார்க்கும் செல்வியையும் முத்துமாரி மதினியையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். யார் போடும் காபி ருசி என்று எனக்கும் செல்விக்கும் பத்து நாளாகப் போட்டி. தோற்றவள் நாளைக் காலை கம்பெனி வேனில் மற்ற இருவருக்கும் பிளாஸ்கில் காபி கொண்டுவர வேண்டும்.

செல்வி சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தூளும் கருப்பட்டியும் போட்டு, துணியில் வடிகட்டிவிட்டாள். பத்தே நிமிடம். நான் புது பில்டரில் தூளை நிரப்பி வெந்நீர் ஊற்றினேன். ஒரு மணி நேரமாகியும் கீழே ஒரு சொட்டு இல்லை.

மதினி மூடியைத் திறந்து பார்த்தார். "ஏ புள்ள, இம்புட்டு இறுக்கமா அமுக்கியிருக்கியே! என்ன, புஸ்வாணத்துக்கா மருந்து அடைச்ச?"

பதினோரு வருடமாக மருந்து அடைக்கிற கட்டைவிரல். அதுபாட்டுக்கு அமுக்கிவிட்டது.

"பத்த வச்சுப் பாருங்கக்கா, பூவாச்சும் வரும்!" என்றாள் செல்வி. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

அவள் காபியைத்தான் மூவரும் குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது. இதை இந்த டைரியில் மட்டும்தான் ஒத்துக்கொள்வேன்.

அவர்கள் போன பிறகு பில்டரைக் கழுவ எடுத்தால், அடியில் அரை டம்ளர் டிகாஷன், மை மாதிரி. பாலைச் சுடவைத்துக் கலந்து குடித்தேன். அடடா! அதனால்தான் இன்னும் தூக்கம் வரவில்லை.

தோற்றவள் காபி கொண்டுவர வேண்டும் என்றுதான் பேச்சு. எந்தக் காபி என்று யாரும் சொல்லவில்லை. இப்போதே பில்டரில் தூள் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டேன், கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு.

அடுப்படியில் சொட்டுகிற சத்தம் கேட்கிறது.