வரிசை நகர்ந்தது தெரியவில்லை

அன்புள்ள தெய்வானைக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நீ பையில் வைத்த நம் மகளின் சங்கப் பாடல் புத்தகத்தை, எண்ணூர் துறைமுக வாசலில் லாரியோடு காத்திருக்கையில் படிக்கிறேன். ஒரே பாட்டு படிக்கப் படிக்கப் புதிதாகத் தெரிகிறது. நேற்று அதில் மூழ்கி, வரிசை நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. பின்வண்டி டில்லிபாபு இறங்கி வந்து, "இன்னா மாமு, தூங்கினு கீறியா?" என்று கத்தினார். பொருள் தேடிப் போனவன் திரும்பவில்லை என்று மனைவி தோழியிடம் புலம்பும் பாட்டு என்றேன். கோபத்தை மறந்துவிட்டு, "அப்பால? வந்தானா இல்லியா?" என்றார்.

"பாட்டு அதோட முடிஞ்சிருச்சுங்க."

பெட்டியிலிருக்கும் என் படிக்கிற கண்ணாடியை அனுப்பு. இதோ, வரிசை நகர்கிறது. ஒன்று மட்டும்: பாட்டில் அவள் எல்லாவற்றையும் தோழியிடம்தான் சொல்கிறாள். நீ என்னிடமே சொல்லி எழுது.

உன்,
செங்கோடன்