எட்டரை வருடத்து வெளிச்சம்

பிப்ரவரி 3

மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து, கடைசியில் எனக்கே எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் சிட்டு எங்கள் தட்டுகளையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

"இதெல்லாம் நீ ஏம்மா செய்யற?"

"பரவால்ல ஆன்ட்டி. நீங்க களைச்சுப்போய் வருவீங்க."

அவளைத் தத்தெடுத்து அழைத்து வந்து மூன்று மாதமாகிறது. ஒரு தடவைகூட அடம்பிடித்ததில்லை. எட்டரை வயதுப் பிள்ளை விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள்.

பிப்ரவரி 4

பாலில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். சொல்லாமலே குடித்துவிட்டாள்.

பிப்ரவரி 10

பள்ளியில் எல்லோரும் கைக்குழந்தைப் படம் கொண்டுவர வேண்டுமாம். சுவரில் ஒட்டப் போகிறார்களாம். எங்களிடம் ஏது? அவள் வளர்ந்த இல்லத்துக்குப் போன் செய்தேன். ஐந்து வயதுக்கு முன்னால் எடுத்த படம் எதுவும் இல்லை என்றார்கள்.

அந்த டீச்சருக்குக் கொஞ்சமாவது யோசனை வேண்டாமா? இந்தப் புள்ள என்னத்தக் கொண்டு போகும்? எப்ப நடை பழகுச்சு, மொதல்ல என்ன பேசுச்சு, யாரு தூக்கி வச்சிருந்தாங்க — ஒண்ணுமே தெரியாதே எனக்கு. ஒண்ணுமே.

"அன்னிக்கு நான் லீவு போட்டுக்கறேன் ஆன்ட்டி" என்கிறாள். சமாதானம் சொல்வது அவள். எனக்கு!

பிப்ரவரி 11

இவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. உயரம் என்றாலே ஒரு குஷி. சாப்பாட்டுக்கு முன்னால் எங்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், இருப்பதிலேயே பளிச்சென்று இருந்த நட்சத்திரத்தைக் காட்டினார். சிரியஸ்.

"அதோட வெளிச்சம் இங்க வந்து சேர எட்டரை வருஷம் ஆகும். இப்ப நீ பாக்கறியே, இது நீ பொறந்தப்ப அங்கேர்ந்து கிளம்பினது."

"அவ்ளோ மெதுவாவா வருது?"

"மெதுவாவா! அதைவிட வேகமா ஓட எதாலயும் முடியாது. தூரம் அப்படி."

"அப்ப அது இப்ப எப்படி இருக்குன்னு நமக்குத் தெரியாதா அங்கிள்? அணைஞ்சு போயிருந்தா?"

"சேச்சே. இன்னும் கோடிக்கணக்கான வருஷம் எரியும். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எக்கிப் பார்த்தாள். பிறகு, "அங்கேர்ந்து யாராவது என்னைப் பாத்தா?"

"பெரிய தொலைநோக்கி வச்சுப் பாத்தாங்கன்னா, தொட்டில்ல கிடக்கற பாப்பாதான் தெரியும்."

"பக்கத்துல நீங்க ரெண்டு பேரும்?"

இவர் என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன்: "நாங்க வேற எங்கயோ இருப்போம் கண்ணு. உன்னை இன்னும் தெரியாம."

"பாவம் ஆன்ட்டி, அங்கேர்ந்து பாக்கறவங்க. நான் உங்க வீட்டுக்கு வந்தது தெரிய அவங்க இன்னும் எட்டு வருஷம் காத்திருக்கணும்."

துணி எடுக்கிற சாக்கில் நான் அந்தப் பக்கம் போய்விட்டேன். கொடியில் துணியே இல்லை.

பிப்ரவரி 13

படம் வரைந்து கொண்டுபோனாள். பெரிய நட்சத்திரம், கீழே தொட்டில், தொட்டிலில் ஒரு புள்ளி. பக்கத்து இருக்கைக்காரி "இது போட்டோவே இல்ல" என்றாளாம். "உன்னோடது பழைய படம். என்னோடது அங்கேர்ந்து இப்பப் பாத்தா தெரியறது" என்றாளாம் இவள்.

வாயைப் பாரேன்!

பிப்ரவரி 20

மேகம். இருந்தாலும் மாடிக்குப் போனோம். சும்மா நின்றோம்.

மார்ச் 8

தலைக்குக் குளிக்க மாட்டேன் என்று இன்று ஒரே ரகளை. சீப்பு பறந்தது.

"போ! நீ வெந்நீரை ரொம்ப சூடா ஊத்தற! உங்கிட்ட நான் பேசவே மாட்டேன்!"

கதவை அறைந்து சாத்தியதில் காலண்டர் கழன்று விழுந்தது.

நீ என்றாள். ஆன்ட்டியும் இல்லை, 'ங்க'வும் இல்லை. நான் என் அம்மாவிடம் கத்துவேனே, அதே கத்தல்.

இவரும் நானும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். சிரிப்பா அழுகையா, எங்களுக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். மன்னிப்பெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பாதியைக் காலி செய்தாள்.

தலை இன்னும் அழுக்குதான். நாளைக்கு மறுபடியும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.