ரெஜினாக்கா, மானிட்டர் நல்லாதான் கீது!

அக்கா, நான் ஒடைக்கலன்னு சொன்னேன்ல? இத நீ அந்தப் புது மானிட்டர்லதான் படிச்சிகினு கீற! கடைக்குத் திருப்பி எடுத்துனு பூடாத.

நாவலூர்லேர்ந்து பைக்ல கட்டிகினு வரசொல்ல நான்தான் எங்கியோ இடிச்சிட்டேன்னு காலைலேர்ந்து மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருந்தியே. விஷயமே வேற. நம்ம சிஸ்டத்துல ரெண்டு கிராபிக்ஸ் கார்டு. படம் வர்றது மேல் கார்டுலேர்ந்து. நீ கேபிள கீழ் கார்டுல சொருகிட்ட. உம்மேலயும் தப்பில்ல. மானிட்டர் வர்ற வரைக்கும் சிஸ்டம் சும்மா கெடந்துச்சுல்ல? உப்புக்காத்துல துரு புடிக்கும்னு அம்மா மேல் கார்டு ஓட்டைய எல்லாம் டேப் போட்டு மூடிகீது! டேப் தீந்து பூட்ச்சு போல, கீழ் கார்டு தப்பிச்சிது. டேப்ப பிச்சி சொருகினேன், பளிச்சுனு வந்துச்சு. தனியா நின்னு குதிச்சேன்!

சாயங்காலம் ஸ்டான்லி அண்ணன் கல்யாண வீடியோ பென்டிரைவோட வருவாரு. எடிட் பண்ண முடியாதுன்னு அனுப்பிடாத, உன் மொத ஆர்டரு! மத்திக் கொழம்பு மூடி வெச்சிகீறேன், பூனை வரும், பாத்துக்கோ.

உன் தம்பி பெஞ்சமின்

சொல்ல மறந்துட்டேன்: செட்டிங்க மாத்துனா கீழ் கார்டுலயும் படம் வரும். அதுல நம்ம டிவிய மாட்டிட்டா நீ இதுல எடிட் பண்ணு, நான் பக்கத்துலயே அதுல கேம் ஆடறேன். சத்தம் போட மாட்டேன், சத்தியமா. இன்னாக்கா சொல்ற?