அண்ணனோடு சாப்பிட்ட ஜோடிப் பிரியாணி

சுந்தரவல்லி,

இதில் ஒரு எழுத்துப் பொய் என்றாலும் என் நாக்கில் உப்பு உறைக்காமல் போகட்டும்.

புதன்கிழமைகளில் புருஷன் பெண்டாட்டியாக வந்தால் ஒரு பிரியாணிக்கு ஒன்று இலவசம் என்றுதான் இன்று மத்தியானம் உன்னை அந்த ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். நான் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள், “ஆஃபர் முடியப் போகுது, வாங்கண்ணே” என்று அங்கே நின்றிருந்த எதிர்வீட்டு ஜனார்த்தனனைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாய். புருஷனை அண்ணே என்று எந்த ஊரில் கூப்பிடுகிறார்கள்? உன் முட்டையை நீ அந்த ஆள் இலையில் வைத்ததையும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

நான் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. செல்லூரில் ஒரு கடையில் தனியாக வருகிற ஆம்பளைக்கு எல்லாம் இலவசம். இரண்டு மேசையை ஒட்டிப் போட்டுத்தான் என் பரோட்டாவை விரித்தார்கள். சால்னா தண்ணி லாரியில் வந்தது. முதலாளியம்மா, “இம்புட்டு அழகான மனுசன எவ தனியா விட்டா?” என்று விசிறிவிட்டாள்.

நீ தூங்குகிறாய். நான் ரேஷன் கடைக்குப் போகிறேன். சிலிண்டர் வந்தால் வாங்கி வை. ஜனார்த்தனன் வந்தால் கதவைத் திறக்காதே.

அடுத்த புதன்கிழமை பஸ்ஸில் போவோம். இறங்கும்போதே என் கையைப் பிடித்துக்கொள்.

பி.கு.: அடுப்படியில் ரசஞ்சோற்றைக் காணோம் என்று பூனையைத் திட்டாதே. மத்தியானம் அதைச் சாப்பிட்டது நான்தான்.