ஒரே லேப்டாப்பில் இரண்டு அடுக்களை

பாறசாலை,
டிசம்பர் 12

அன்புள்ள அத்தானுக்கு,

ஜிஜா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மாமா மாலை போட்டிருப்பதால் மாமி இரண்டு வேளையும் குளிக்கிறார், சளியும் தடுமனும்தான் மிச்சம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். நம் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு நான்கு பேர் கேட்பார்கள். இது உங்களுக்கு மட்டும். மகளைப் பார்க்கத் துபாய் வரும் புஷ்பபாய் அக்காவிடம் வறுத்த ஏத்தங்காய் உப்பேரிப் பொட்டலத்தோடு கொடுத்துவிடுகிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி என்னை நேர்முகத்துக்கு அழைத்ததே, அது கிடைத்தால் நீங்கள் அங்கே இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மனதுக்குள் நினைத்திருந்தேன். நெய்யாற்றின்கரைச் சந்தையின் ஐந்து வருட ஏத்தன் வாழைக்குலை விலையை வைத்து அடுத்த வார விலையைக் கணிக்கும் என் பைத்தான் புரோகிராமை அங்கே ஓட்டிக் காட்ட வேண்டும்.

போன வியாழக்கிழமை லேப்டாப்பைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. உங்கள் தம்பி மனைவி ஆர்யா தன் காலேஜ் புராஜெக்டுக்காக அதே லேப்டாப்பில் புது லைப்ரரிகளை ஏற்றிவிட்டாள். என் புரோகிராமுக்கோ பழையவைதான் ஆகும். நேர்முகத்துக்கு நாலே நாள்! நான் கத்திய கத்தலில் அவள் சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டாள்.

அதே கோபத்தில் அடுக்களைக்குப் போய், கைக்கு அகப்பட்ட சட்டியில் மாமாவுக்கு உள்ளித்தீயல் குழம்பு வைத்தேன். மாமி ஓடி வந்து, “மக்கா, அது மீன் வச்ச சட்டியாக்கும். எத்தற கழுவினாலும் சாமிக்கு ஆவாது. அவருக்கு உள்ளது தனியா உண்டுல்லா” என்றார். எனக்குச் சுரீரென்றது. கம்ப்யூட்டர் வகுப்பில் சார் தலைதலையாக அடித்துக்கொண்டது இதைத்தானே! ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி என்விரான்மென்ட் போடுங்கள், ஒன்றில் ஏற்றுவது இன்னொன்றைத் தொடாது என்று. நான்தான் சோம்பல்பட்டு விட்டிருந்தேன். குற்றம் ஆர்யாவுடையது மட்டுமல்ல.

போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தனி என்விரான்மென்ட் போட ஒரு வரி போதும். ஆனால் எந்த லைப்ரரியில் எந்த வெர்ஷன் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. வீங்கிய முகத்தோடு அவளே பரணில் ஏறி என் பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்து வந்தாள். மார்க்குக்குப் பயந்து கையால் எழுதிய வெர்ஷன் எண்கள் எல்லாம் அதில் இருந்தன. அவள் வாசிக்க நான் அடித்தேன். எனக்கொன்று, அவளுக்கொன்று. ஓடியது அத்தான்! இப்போது மாமி லேப்டாப்பைத் துடைக்க வந்தால்கூட, “இப்ப இது ஆருக்க சட்டி?” என்று கேட்கிறார்.

திங்கட்கிழமை கம்பெனிக்காரர்கள் முன்னால் புரோகிராம் ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. நேற்று மெயில் வந்தது. வேலை எனக்குத்தான்! ஜனவரியில் சேர வேண்டும். காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, முதலில் உங்களுக்குத்தான்.

மாமா தை பிறக்கும் முன்னே மலையேறுகிறார். கால் முட்டு வலி உண்டு. துணைக்கு ஆள் வேண்டாமா என்றால், ஐயப்பன் இருக்கான் என்கிறார். உங்களை வரச் சொல்ல அவருக்கு நாக்கு எழும்பாது. எனக்கும் இத்தனை நாள் எழும்பவில்லை.

சாமி உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வருவதற்கு மட்டும் டிக்கெட் எடுங்கள்.

உங்கள்
ஜிஜா