பெயின்ட் பக்கெட்டில் காந்தள்

திருவான்மியூர்,
ஆவணி வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, பாஞ்சாலி எழுதுவது. நானும் குழந்தை சரண்யாவும் அத்தையும் சௌக்கியம். மறுவாழ்வு மையத்தில் போன் தரமாட்டார்கள் என்பதால் இவ்வளவு பெரிய சேதியைக் காகிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது. பூத்துவிட்டது, மாமா! நம் காந்தள் பூத்தேவிட்டது!

நீங்கள் அடையாறு பங்களாவுக்குப் பெயின்ட் அடிக்கப் போனபோது அந்த வீட்டம்மா கொடுத்தார்களே கிழங்கு, அதேதான். கொடி காய்ந்து, நீங்கள் அதை நட்ட பெயின்ட் பக்கெட் வெறும் மண்ணாகக் கிடந்தது. மையத்துக்குக் கிளம்பின அன்று அதைக் காட்டி, "அதுவும் செத்துச்சி, நானும் செத்துட்டேன், ரெண்டையும் தூக்கிப் போடு" என்றீர்கள். குடியை விடப் போகிற மனுஷன் பேசுகிற பேச்சா அது? ஆட்டோக்காரர் எதிரில் அழக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் உங்கள் அம்மாவோடு ஒரு போர். தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் அத்தைக்கு அந்தப் பெயின்ட் பக்கெட் மேல்தான் கண். "காஞ்ச மண்ணுக்கு ஒரு பக்கெட்டா? இன்னாடி கூத்து இது!" என்பார்கள். அது கண்வலிப் பூ, பார்த்தால் கண் நோகும் என்று வேறு. ஒருநாள் நான் வேலைக்குப் போன சமயம் மண்ணைக் கவிழ்த்துவிட்டு, பக்கெட்டில் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். செடிக்காக நீங்கள் அடியில் போட்ட ஓட்டை அவருக்கு எப்படித் தெரியும்? லாரித் தண்ணீர் மொத்தமும் தெருவில்! ஊரே சிரித்ததாம்.

வந்து பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது. விஷக் கிழங்காயிற்றே, கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு சாக்கடை ஓரத்து மண்ணைக் கிளறினேன். கிழங்கின் முனையில் வெள்ளையாக ஒரு முளை! அந்த முனை உடைந்திருந்தால் அவ்வளவுதான், அப்புறம் முளைக்காதாம். உடையவில்லை. "ஓட்ட பக்கெட்டக் காயலான் கடையில போடு" என்று அத்தை கத்தக் கத்த, அதிலேயே திரும்பப் புதைத்தேன்.

சாரம் கட்டுகிற உங்கள் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டேன். இலை நுனியே சுருண்டு பிடித்துக்கொண்டு கிடுகிடுவென்று ஏறிவிட்டது. பூ முதலில் பச்சை, பிறகு மஞ்சள், இப்போது நெருப்பு மாதிரி சிவப்பு. உங்கள் பெயின்ட் ஷேடு கார்டில் இந்த நிறம் கிடையாது, பந்தயம்! அத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்க்கிறார்கள். "எம் புள்ள வெச்ச செடி, யாரும் கைய வெக்காதீங்க" என்று தெருவுக்கே அதிகாரம் வேறு.

மையத்துக்கு உங்களைப் பார்க்க வந்த மேஸ்திரி செம்பியன் அண்ணனிடம் நீங்கள் சொல்லி அனுப்பியதும் வந்து சேர்ந்தது. "எனக்கு சரியாப் பூட்ச்சி, வந்து கையெழுத்துப் போட்டு இட்டுக்கினு போ" என்றீர்களாம். வரமாட்டேன், மாமா. போன தடவை பாதியில் கூட்டி வந்தேன், அன்றைக்குச் சாயங்காலமே கடை வாசலில் நின்றீர்கள். இந்தத் தடவை முழுசாக முடியுங்கள். உங்களுக்கு வேலை வைத்திருப்பதாக அண்ணன் சத்தியம் செய்திருக்கிறார். என் மேல் கோபமா? முடித்துவிட்டு வந்து நேரில் திட்டுங்கள், ஆசையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குள் பூ போய்விடுமே என்று அவசரப்பட வேண்டாம். மேலே இன்னும் மொட்டுகள் இருக்கின்றன. எல்லாம் உதிர்ந்து கொடி காய்ந்தாலும்தான் என்ன? மருந்தீஸ்வரர் உங்களுக்குத் துணை இருப்பார். பக்கெட்டை நான் யாருக்கும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பாஞ்சாலி